கட்டணத்தின் வழித்தடம்: தீவகத்தில் அரச சேவைக் கட்டணங்களும் அவை சேர்ந்த நிதியங்களும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு துண்டுக் காணியும் ஒரு சிறு கடையும் வைத்திருப்பவர் ஓர் ஆண்டில் வாங்கும் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்தால் அவை சிறிய கட்டாகிவிடும். பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறார். அந்தக் காசு வடமாகாணத்துக்குப் போகிறது. அதே கட்டடத்தில் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதிக்குக் கட்டும் காசோ கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. காணியை எழுதும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குப் போய், அங்கிருந்து பிரதேச சபைக்குத் திரும்ப வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஓடிப் பிடிபட்டு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் கட்டினால் அதுவும் ஏறக்குறைய இதே வழியில்தான் பயணம் செய்கிறது. கடைக்கான அனுமதிப்பத்திரக் கட்டணம் நேரே பிரதேச சபை நிதியத்தில் விழும். குழாய்நீர் இருந்தால் அதன் பட்டியல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கணக்குக்கு.

கட்டுபவர் ஒருவர், காசும் ஒரே காசு. பெட்டி மட்டும் நான்கு விதம். சேவையின் தன்மையை வைத்து இந்தப் பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. தண்டிய காசைத் தன்னிடமே வைத்துக்கொள்ள எந்தக் காலத்தில் எந்த அமைப்புக்குச் சட்டம் இடங்கொடுத்தது என்பதே இந்தப் பிரிப்பின் அடிப்படை. அந்தச் சட்டங்களின் வரலாற்றைத் தீவகத்திலிருந்து, குறிப்பாக வேலணைத் தீவின் சாட்டிக் கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி. கொழும்பிலிருந்து எழுதப்பட்ட நிதி வரலாறுகளில் தண்டுபவரின் கை தெரியும். கட்டுபவர் வீடு திரும்பும் தெரு தெரிவதில்லை.

அதிகாரி வரி

யாழ்ப்பாணப் பட்டினத்தை ஆண்ட ஒல்லாந்தர் வேலணைத் தீவை லெய்டன் என்றும் புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் தம் நாட்டு ஊர்ப்பெயர்களால் அழைத்தனர். பெயரை மாற்றிய வேகம் வரிகளை மாற்றுவதில் இருக்கவில்லை. நிலவரி, பத்திலொரு பங்கு, தலைவரி, ஊழியம் என்பவற்றோடு ‘அதிகாரி’ என்று ஒரு வரியும் அவர்களுடைய பதிவுகளில் வருகிறது. பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியின் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் ஊரார் கொடுத்துவந்த பணமே அது. அதாவது சேவை செய்பவருக்கு, சேவை பெறுபவர் நேரே கொடுத்தது. ஒல்லாந்தக் கும்பனிக் காலத்தில் அந்தப் பணம் கும்பனியின் வருமானத் தலைப்புகளில் ஒன்றாகிவிட்டது. வரியின் பெயர் மட்டும் பழைய நோக்கத்தைச் சொல்லிக்கொண்டு நின்றது.

நம் தேடலுக்கு இதுவே முதற் சான்று. பிற்காலத்தில் சட்டம் போட்டுச் செய்ததை அன்று கணக்கெழுதும் முறையிலேயே செய்துவிட்டார்கள். திசை மட்டும் எதிர்த்திசை: ஒருவருக்கென்று தண்டிய காசு மேலிடத்தின் பொதுப் பெட்டிக்குள் போனது.

ஆங்கிலேயர் வந்தபோது அவர்களுடைய சொந்த நாட்டிலேயே இந்தக் கணக்கு முடிந்திருக்கவில்லை. அலுவலர் தம் மேசைக்கு வந்த கட்டணத்தைத் தாமே எடுத்துக்கொள்வது அங்கே நெடுங்கால வழக்கம். 1787 இல் பிரித்தானியா திரட்டு நிதியத்தை உருவாக்கியது. 1866 இன் கணக்காய்வுச் சட்டம் வரும் காசெல்லாம் அதற்குள் போகவேண்டும், பாராளுமன்றம் சொன்னால்தான் வெளியே வரவேண்டும் என்ற ஒழுங்கை இறுக்கியது. இந்த ஒழுங்கின் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கட்டணத்தில் வாழும் அலுவலர் கட்டணத்தைக் கூட்டவே வழி தேடுவார். நம் பக்கத்தில் உடையார், விதானையார் முறையின் கீழ் வாழ்ந்த தலைமுறைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சிறு சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ வேலை பார்த்த ஊர்த்தலைமைக்காரர், ஊராரிடம் கிடைத்ததில்தான் தம் அந்தஸ்தைக் காத்தார்கள். 1963 இல் கிராமத் தலைமைக்காரர் முறை நீங்கிக் கிராமசேவகர் வந்தபோதுதான் அந்த ஏற்பாடு சட்டப்படி முடிந்தது.

தெருவும் கிராமசபையும்

ஒரே பெட்டி என்ற கொள்கையைக் குடியேற்ற அரசே இரண்டு இடங்களில் மீறியது. ஒன்று தெரு. 1848 ஆம் ஆண்டின் தெருக் கட்டளைச் சட்டம் வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்யவேண்டும், இல்லையேல் அதற்கு ஈடாகக் காசு கட்டவேண்டும் என்றது. அந்த ஆண்டு கண்டிப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். 1861 இன் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாகாணத் தெருக் குழுக்களையும் மாவட்டத் தெருக் குழுக்களையும் நிறுவியது. தண்டிய காசு தெருவுக்கே என்று இந்த ஏற்பாட்டில் ஒரு தனிவழி பிறந்தது. பிறந்த விதம் கசப்பானது. கட்டாய உழைப்பின் பிள்ளை அது. ஆனாலும், இந்தக் காசு இந்த வேலைக்குத்தான் என்று சட்டம் எழுதிவைத்ததை மறுக்கமுடியாது.

மற்றது கிராமசபை. 1871 இன் 26 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 1889 இன் 24 ஆம் இலக்கம், 1924 இன் 9 ஆம் இலக்கம் என்று மூன்று படிகளில் ஊர்ச் சங்கங்கள் கிராமசபைகளாக வளர்ந்தன. முதலில் வாய்க்கால், வேலி, சிறு வழக்கு என்று இருந்த வேலை பின்னர் சந்தை, கிணறு, மயானம், விளக்கு என்று விரிந்தது. சந்தைக் குத்தகையும் அனுமதிக் கட்டணமும் சபையின் நிதிக்கே சேர்ந்தன. தீவகத்தில் கிராமசபைக் காலத்தைப் பற்றி முதியோர் பேசும்போது குரலில் ஒரு கனிவு தட்டுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தலைவர் ஊர்க்காரர், கட்டிய காசு கண்ணுக்கு முன்னால் ஒரு மதகாகவோ கிணற்றுக் கட்டாகவோ எழும்பிவிடும். சாதியும் செல்வாக்கும் அந்தச் சபைகளில் யாரை உட்காரவைத்தன என்பது வேறு கதை. அந்தக் கதையைச் சேர்க்காத ஏக்கம் பாதி உண்மையே.

1980 இன் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டம் நாடு முழுவதும் கிராமசபைகளையும் பட்டினசபைகளையும் ஒழித்தது. அவற்றின் கடமைகளும் வருமானமும் மாவட்ட அபிவிருத்திச் சபைக்குச் சென்றன. யாழ்ப்பாணத்தில் அந்தச் சபைக்கான தேர்தல் 1981 ஜூன் 4 இல் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்த நெருப்பின் வெளிச்சத்தில் தீவகக் கிராமசபைகள் மறைந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஒரு சந்தைக் கட்டணம் வேலணைக்குச் சொந்தமா, யாழ்ப்பாண மாவட்டத்துக்குச் சொந்தமா என்று கேட்க அது காலமும் அல்ல.

‘சட்டத்தால் ஒதுக்கப்படாத’

இலங்கைப் பொதுநிதியின் அச்சாணி 1978 அரசியலமைப்பின் 149 ஆவது உறுப்புரை. வரிகள், தீர்வைகள், மற்றெல்லா வருமானங்களும் திரட்டு நிதியத்துக்குள் போகவேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே, குறித்த நோக்கங்களுக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படாத நிதிகள்தாம் அந்த நிதியம் என்றும் ஒரு வாசல் வைக்கிறது. பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, இந்தக் கட்டணம் இந்த நிறுவனத்துக்கு என்றால் அந்தக் காசு பெரிய பெட்டிக்குள் விழாது. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அந்த வாசலால் போனவை பல.

மிகத் தெளிவான உதாரணம் 1980 இன் 57 ஆம் இலக்க மத்திய கலாசார நிதியச் சட்டம். சிகிரியாவில் ஏறும் வெளிநாட்டவர் வாங்கும் நுழைவுச்சீட்டின் காசு அந்த நிதியத்துக்குப் போய், அகழாய்வுக்கும் பேணுகைக்கும் செலவாக வழி பிறந்தது. பிறப்பத்தாட்சிப் பிரதிக்குக் கட்டும் காசுக்கு இப்படியொரு வாசல் திறக்கப்படவில்லை. பதிவாளருக்கு அந்தக் கட்டணத்தால் ஒரு புதிய அலுமாரிகூட வராது; அலுமாரிக்கு வரவு செலவுத் திட்டத்தில்தான் கேட்கவேண்டும்.

வாசலைத் திறந்துவிட்டால் எல்லாம் நன்றாக நடக்கும் என்றும் சொல்வதற்கில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தன்னிடம் சேரும் காசைத் தானே வைத்திருக்கக்கூடிய அமைப்பு. 2015 சனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் அதன் நிதியிலிருந்து 60 கோடி ரூபா, பௌத்தர் சமய அனுட்டானத்தின்போது அணியும் ‘சில்’ துணி விநியோகத்துக்குப் போனதாக வழக்குத் தொடரப்பட்டது. 2017 இல் மேல் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பளித்தது. 2020 இல் மேன்முறையீட்டில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர். வழக்கின் முடிவு எதுவாயினும், பாராளுமன்றத்தில் ஆண்டுதோறும் தலைப்புத் தலைப்பாக விவாதிக்கப்படாத பணம் எவ்வளவு எளிதில் அசையும் என்பதை நாடு பார்த்துவிட்டது. 1971 இன் 38 ஆம் இலக்க நிதிச் சட்டம் கூட்டுத்தாபனங்களின் மிச்சத்தைத் திரட்டு நிதியத்துக்குத் திருப்ப வழி வைத்ததும் இத்தகைய அச்சத்தால்தான்.

இங்கே சென்னைக்கு ஒருமுறை போய்வருவது பயன் தரும். 1951 இன் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம், கோயில்களும் மடங்களும் தம் வருமானத்தில் 5 வீதம் வரை அரசுக்குப் பங்களிக்கவேண்டும் என்றது. அந்தக் காசு மாநிலத்தின் திரட்டு நிதியத்தில் கலந்தது. உடுப்பிப் பகுதியின் சிரூர் மடம் வழக்குப் போட்டது. அந்தப் பகுதி அன்று சென்னை மாநிலத்துக்குள் இருந்தது. 1954 இல் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டணத்துக்கும் வரிக்கும் வேறுபாடு சொன்னது. கட்டணம் என்றால் குறித்த சேவைக்காக வாங்கி அந்தச் சேவைக்கெனத் தனியே ஒதுக்கவேண்டும். பொது நிதியில் கரைந்துவிட்டால் அது வரி. அறநிலையப் பங்களிப்பு இந்தக் கணக்கில் வரி, ஆகவே மாநிலத்துக்கு அதை விதிக்கும் அதிகாரமில்லை. தீர்ப்பின் பின்னர் சென்னை அரசு சட்டத்தைத் திருத்தித் தனி நிதியத்துக்கு மாறியது. 1959 இன் 22 ஆம் சட்டத்திலும் அறநிலைய நிருவாக நிதியம் இடம்பெற்றது. காசு போகும் பெட்டியை மாற்றியதால் அதன் சட்டப் பெயரே மாறிய விந்தை இது. பிற்காலத் தீர்ப்புகள் இந்தக் கடுமையைத் தளர்த்தின. ஆயினும், பெட்டி எதுவென்று தெரியாமல் பெயரைச் சொல்லமுடியாது என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. இலங்கையிலோ கட்டணம் என்று வாங்கித் திரட்டு நிதியத்தில் கரைப்பதை எவரும் கேள்வி கேட்பதில்லை. 148 ஆவது உறுப்புரை, சட்டத்தின் அதிகாரமின்றி எந்தப் பகிரங்க அதிகாரசபையும் வரியோ அறவீடோ விதிக்கக்கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. வாங்கியபின் என்ன செய்வது என்பது அதன் கவலை அல்ல.

மாகாணப் பெட்டியும் அதன் பூட்டும்

1987 இல் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளையும் 42 ஆம் இலக்கச் சட்டம் மாகாண சபைகளையும் உருவாக்கின. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் சேர்த்த ஒன்பதாம் அட்டவணை, மாகாணங்கள் தண்டக்கூடியவற்றின் நீண்ட நிரலைத் தருகிறது. புரள்வு வரி, மதுபான அனுமதிக் கட்டணம், வாகன அனுமதிக் கட்டணம், காணிகளும் வாகனங்களும் கைமாறும்போதான முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், மாகாணத்துக்குரிய விடயங்களில் திணைக்களக் கட்டணங்கள் என்று அது போகிறது. இவை வந்து விழும் மாகாண நிதியமும் சட்டத்தில் உண்டு. சேவைக் கட்டணங்களைக் கொழும்புப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த மிகப்பெரிய நடவடிக்கை இலங்கையில் இதுதான். அதை ஓர் இனப் பிரச்சினையின் துணைவிளைவாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

பூட்டும் அதே சட்டங்களில்தான் இருக்கிறது. நிதி சம்பந்தமான நியதிச்சட்டத்தை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் மாகாண சபையில் முன்வைக்கமுடியாது. நிறைவேறிய நியதிச்சட்டமும் அவருடைய சம்மதமின்றிச் சட்டமாகாது. வேறு வரிகள் என்று நிரலின் கடைசியில் திறந்த கதவுக்கும், பாராளுமன்றம் அனுமதிக்கும் அளவில் என்று ஒரு கொக்கி. 2013 செப்டெம்பரில் தெரிவான வடமாகாண சபை முதலமைச்சர் நிதியம் ஒன்றுக்கு முயன்றபோது இந்தப் பூட்டின் கனம் தெரிந்தது. புலம்பெயர்ந்தோர் அனுப்பத் தயாராக இருந்த காசுக்கு ஒரு சட்டப்படியான பெட்டி கேட்டார்கள். ஆளுநர் மட்டத்தோடு அது தடைப்பட்டது.

இதைவிட நுட்பமானது 2011 இல் நடந்தது. அந்த ஆண்டு சனவரி முதல் மாகாணங்கள் புரள்வு வரியைக் கைவிட்டன. அதற்கு ஈடாக மத்தி தண்டும் தேசக் கட்டுமான வரியில் மூன்றிலொன்று, முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 வீதம் மாகாணங்களுக்கு என்று ஒரு சுற்றறிக்கை சொன்னது. சுற்றறிக்கை, சட்டமல்ல, இந்த ஒரு சொல்லில்தான் வேறுபாடு. சட்டம் தந்த பெட்டியைத் திறக்க மாகாணத்திடம் ஒரு சாவி இருந்தது. சுற்றறிக்கை தரும் காசு திறைசேரி அனுப்பும் நாளில் வரும். 2019 டிசம்பரில் தேசக் கட்டுமான வரியே நீக்கப்பட்டது, அந்த மூன்றிலொன்றும் போயிற்று. போதாக்குறைக்கு, நிதி ஆணைக்குழு மாகாணத்தின் தேவையைக் கணிக்கும்போது மாகாணம் தானே திரட்டக்கூடிய வருமானத்தையும் கணக்கில் எடுக்கிறது. கூடத் தண்டினால் கொடை குறையலாம் என்றால், தண்டுவதில் யாருக்கு ஆர்வம் இருக்கும்?

சாட்டிக்குத் திரும்பி

இனி ஊருக்கு வருவோம். சாட்டியை யாழ்ப்பாணத்தார் மூன்று காரணங்களுக்காக அறிவர். சிந்தாத்திரை மாதா கோயில் ஒன்று. கடல்வழிப் பயணிகளின் காவலாக வணங்கப்படும் மாதா. வெண்மணல் கடற்கரை மற்றது. மூன்றாவது நன்னீர். உவர்நீரோடு மல்லுக்கட்டும் தீவகத்தில் சாட்டிப் பகுதிக் கிணறுகளின் நீர் அயல் ஊர்களுக்கு வண்டிகளில் போயிருக்கிறது. இந்த மூன்றும் ஆட்களை அழைக்கின்றன. ஆட்கள் வந்தால் குப்பை, மலசலகூடம், வாகனத் தரிப்பு, வெளிச்சம் எல்லாம் தேவை; தேவைக்குக் கட்டணம் வரும்.

எந்தப் பெட்டிக்கு? உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையான பட்டி 1981 இன் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே ஒரு கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டுமானால் அது மத்தியின் திணைக்களத்துக்குரிய விடயம். மணலைக் கூட்டுவதும் குப்பையை அள்ளுவதும் வேலணைப் பிரதேச சபையின் பாடு. அதிகாரம் கொழும்பில், துடைப்பம் வேலணையில்.

துடைப்பத்துக்கான காசு 1987 இன் சட்டத்தில் அன்றைய விலையில் எழுதப்பட்டது. ஆண்டுதோறும் வர்த்தமானியில் வரும் பிரதேச சபை அறிவித்தல்களைப் பார்த்தால் அந்தப் படிவரிசை மனப்பாடமாகிவிடும். இடத்தின் ஆண்டுப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் அனுமதிப்பத்திரத்துக்கு 500 ரூபா, 1,500 வரை 750 ரூபா, அதற்கு மேல் எவ்வளவானாலும் 1,000 ரூபா. தொழில் வரியில் ஆண்டு வரவு 150,000 ரூபாவைத் தாண்டிவிட்டால் 3,000 ரூபா, அதுவே உச்சம். சுற்றுலாச் சபையில் பதிந்த விடுதிக்கு மட்டும் முந்திய ஆண்டு வரவில் 1 வீதம் என்ற கணக்கு. இந்த எண்கள் எழுதப்பட்டபோது ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 30 ரூபா. கடற்கரையில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை உழைக்கும் சாப்பாட்டுக் கடை முழு ஆண்டுக்கும் கட்டுவது இன்றைய ஒரு குடும்பச் சாப்பாட்டின் விலை. காசு சபைக்கே சேரட்டும் என்று பெட்டியைக் கொடுத்த சட்டமே பெட்டியின் வாயைச் சுருக்கியும் வைத்தது.

வீடு வளவுகளுக்குச் சபை விதிக்கும் சோலைவரியின் நிலையும் தீவகத்தில் வேறு விதம். 1990 களின் தொடக்கத்தில் பெயர்ந்த ஊர்கள் இவை. பூட்டிய வீடும் பற்றை மூடிய வளவும் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் உரிமையாளர் பெயரில் கிடக்கின்றன. காணி கைமாறும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக வருகிறது, ஆனால் தீவகத்தில் எத்தனை காணி கைமாறும்? தண்டும் இடத்திலேயே செலவழிக்கவேண்டும் என்ற கொள்கையை நான் ஆதரிப்பவன். ஆயினும் அந்தக் கொள்கை மட்டும் போதும் என்பவர்கள் நெடுந்தீவையும் நயினாதீவையும் நினைக்கவில்லை. ஆட்கள் குறைந்த ஊரில் கட்டணமும் குறையும், செலவு குறையாது. ஒரு தீவுக்கு நீர் கொண்டுபோகும் செலவு அங்கே நூறு வீடு இருந்தாலும் முந்நூறு வீடு இருந்தாலும் பெரிதாக வேறுபடாது. யாழ்ப்பாண நகருக்கு நீதியாக இருக்கும் தனிப்பெட்டி தீவகத்துக்கு நீதியாக இருக்கவேண்டுமானால் அதனோடு கொடையும் வரவேண்டும். கட்டணத்தைச் சாட்டிக் கொடையைக் குறைக்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. வடக்கின் பிரதேச சபைகள் 1988 முதல் இன்றுவரை பெருங்காலம் தெரிவான உறுப்பினர் இல்லாமலே நடந்தன. 1998 இல் ஒரு தேர்தல், பின்பு 2011, 2018, இறுதியாக 2025 மே. இடைப்பட்ட ஆண்டுகளில் செயலாளர்களும் ஆணையாளர்களும் பெட்டியைக் காத்தார்கள். காத்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அலுவலர் காசைச் செலவழிக்க அஞ்சுவார், உறுப்பினர் செலவழிக்காமலிருக்க அஞ்சுவார். கட்டணத்தை உள்ளூர் நிதியத்துக்குத் திருப்பும் சட்டம் உள்ளூரில் வாக்கு இருக்கும் என்று எண்ணியே எழுதப்பட்டது. வாக்கு இல்லாத ஆண்டுகளில் அது ஒரு கணக்கேடாக மட்டும் மிஞ்சியது.

வேலணைப் பிரதேச சபையில் இப்போது தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சாட்டிக் கடற்கரைக்கென வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒன்று வைத்து, அங்கு தண்டியதையும் அங்கு செலவழித்ததையும் ஒரே பக்கத்தில் அச்சிட அவர்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அச்சிடாவிட்டால், சாட்டியில் ஒரு சீட்டு வாங்கிய எந்தக் குடிமகனும் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கணக்கை எழுத்தில் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் சபை தன் தீர்மானத்தைச் சொல்லியாகவேண்டும்.